பழைய ரெஜிமா, புது ரெஜிமா: 2025-26க்கு உங்க கணக்க நீங்களே போட்டுப் பாருங்க

ஜனவரி பொறந்தா போதும், ஆபீஸ்ல எச்ஆர் கிட்டருந்து 'முதலீட்டு ப்ரூஃப் சப்மிட் பண்ணுங்க'ன்னு மெயில் வந்துரும், உடனே டீ குடிக்கப் போற எடத்துலயெல்லாம் வருமான வரிய பழைய ரெஜிம்ல (வரி முறைல) கட்டறதா புதுசுலயாங்கற பேச்சுதான். யார் கேட்டாலும் ஸ்லாப் (எவ்ளோ வருமானத்துக்கு எத்தன சதவீத வரிங்கற) அட்டவணைய எடுத்து நீட்டுறாங்க. பாருங்க, புதுசுல 15%, 20%னு மெதுவா ஏறுது, பழசுல 5%லருந்து நேரா 20%க்குத் தாவுது, அதனால புதுசு நல்லதுன்னு ஒருத்தர். இல்ல இல்ல, பழசுல 80சி (பிஎஃப், எல்ஐசி மாதிரி சேமிப்புக்கான சலுகை) இருக்கு, வீட்டு லோன் இருக்கு, அதான் நல்லதுன்னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான், ஆனா ரெண்டையும் வெச்சு முடிவு எடுக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நம்பர். உங்க சம்பளத்துக்கு மொத்தம் எவ்ளோ கழிவு (வரி போடறதுக்கு முன்னாடி வருமானத்துலருந்து கழிக்கற தொகை) இருந்தா பழசு புதுச ஜெயிக்கும்ங்கற நம்பர். அது தெரிஞ்சா மிச்சமெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை.

கணக்கு 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல்லருந்து 2026 மார்ச் வரைக்கும் வந்த வருமானத்துக்கு. (2026 ஏப்ரல் 1லருந்து வருமான வரிச் சட்டம் 2025 அமலுக்கு வருது, செக்‌ஷன் நம்பரெல்லாம் மாறுது, ஆனா 2025-26 கணக்குக்கு 1961 சட்டம்தான், அதனால பழகின 80சி, 80டி பேரையே வெச்சுக்கறேன்.)

புதுசுல ஸ்லாப் இப்படி: 4 லட்சம் வரைக்கும் ஒண்ணும் இல்ல, 4லருந்து 8 வரை 5%, 8லருந்து 12 வரை 10%, 12லருந்து 16 வரை 15%, 16லருந்து 20 வரை 20%, 20லருந்து 24 வரை 25%, அதுக்கு மேல 30%. சம்பளக்காரங்களுக்கும் பென்ஷன்காரங்களுக்கும் ப்ரூஃப் இல்லாமலே கழிக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000. பழசுல 2.5 லட்சம் வரை இல்ல, 2.5லருந்து 5 வரை 5%, 5லருந்து 10 வரை 20%, 10க்கு மேல எல்லாம் 30%, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000. ரெண்டுலயுமே வர்ற டாக்ஸ் மேல 4% செஸ்ங்கற கூடுதல் வரி. வருமானம் 50 லட்சத்த தாண்டினா சர்சார்ஜ்னு இன்னொரு கூடுதல் வரியும் உண்டு, அத இங்க இழுக்கல.

ஒரு விஷயத்த மட்டும் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா நல்லா படிச்சவங்களே இதுல குழம்புறாங்க. 30% ஸ்லாப்புக்குள்ள வந்துட்டா மொத்த சம்பளத்துக்கும் 30% புடிப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு, இன்க்ரிமென்ட் வந்தா கையில வர்றது கொறஞ்சிடும்னு பயப்படுறாங்க. அப்படி இல்லீங்க, அந்தக் கோட்டுக்கு மேல இருக்கற துண்டுக்கு மட்டும்தான் அந்த ரேட்டு, கீழ இருக்கறதுக்கு கீழ இருக்கற ரேட்டுதான். (இதுக்கு ஒரு வேடிக்கையான விதிவிலக்கு இருக்கு, கொஞ்சம் கழிச்சு வர்றேன்.)

இப்ப 15 லட்சம் சம்பளத்த எடுத்துப்போம். புதுசுல 75,000 கழிச்சா 14.25 லட்சம். 12 லட்சம் வரைக்குமான டாக்ஸ் 60,000, மிச்சம் 2.25 லட்சத்துக்கு 15% போட்டா 33,750, ஆக 93,750, செஸ்ஸோட 97,500. முடிஞ்சது, ஒரு ப்ரூஃபும் வேணாம், ஒரு ரசீதும் வேணாம். இப்ப கேள்விய திருப்பிப் போடுங்க: பழசுல இதே 93,750 டாக்ஸ் வரணும்னா வரி போடுற வருமானம் எவ்ளோவா இருக்கணும்? 5 லட்சம் வரைக்கும் 12,500, மிச்சம் 81,250 வர்றதுக்கு 20% ரேட்டுல 4,06,250 வேணும், ஆக 9,06,250. 15 லட்சத்துல 50,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக 14.5 லட்சம், அதுலருந்து 9,06,250க்கு எறங்கணும்னா 5,43,750 கழிவு காட்டணும். இதுதான் 15 லட்சத்துக்கான நம்பர். உங்க கழிவெல்லாம் கூட்டி 5.44 லட்சத்த தாண்டினா பழசு, தாண்டலைன்னா புதுசு, அவ்ளோதான்.

இதே மாதிரி போட்டுப் பாத்தா 14 லட்சத்துக்கு சுமார் 5.19 லட்சம், 16க்கு 5.69 லட்சம், 18க்கு 6.42 லட்சம், 20க்கு 7.08 லட்சம் வருது. 24.75 லட்சத்துல சரியா 8 லட்சம், அதுக்கு மேல ரெண்டு பக்கமும் 30%தான்ங்கறதால அந்த 8 லட்சம் அப்படியே நின்னுடுது, 30 லட்சம் சம்பளக்காரருக்கும் 8 லட்சம்தான், 45 லட்சம் சம்பளக்காரருக்கும் 8 லட்சம்தான். எல்லாமே ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக மத்த கழிவுகள் மட்டும்.

12.75 லட்சத்துக்குள்ள சம்பளம் வாங்கறவங்க இதுக்கு மேல மண்டைய ஒடைக்க வேணாம். புதுசுல வரி போடுற வருமானம் 12 லட்சம் வரைக்கும் இருந்தா 87ஏ ரிபேட்னு (கட்ட வேண்டிய டாக்ஸ்லயே தள்ளுபடி) 60,000 வரைக்கும் தர்றாங்க, ஆக 75,000 சேத்து 12.75 லட்சம் வரைக்கும் டாக்ஸ் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழ பழசு எங்க போயி எறங்கப் போகுது? மிஞ்சிப் போனா சமமா வரும், அதுக்கும் பழசுல ரிபேட் கெடைக்கற மாதிரி வரி போடுற வருமானத்த 5 லட்சத்துக்குள்ள கொண்டு வரணும், 10 லட்சம் சம்பளக்காரர்னா 4.5 லட்சம் கழிவு காட்டணும். எதுக்கு அந்தப் பாடு.

12.75ஐ கொஞ்சம் தாண்டினவங்க கதைதான் நான் சொன்ன வேடிக்கை. சம்பளம் 13 லட்சம்னு வெச்சுக்கோங்க. 75,000 போக 12.25 லட்சம். ரிபேட் போச்சு, ஸ்லாப் படி பாத்தா 63,750 கட்டணும், 25,000 ரூபா அதிகமா சம்பாதிச்சதுக்கு 63,750 டாக்ஸான்னு வயிறு எரியும்ல, அதுக்காகத்தான் மார்ஜினல் ரிலீஃப்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, 12 லட்சத்துக்கு மேல எவ்ளோ வந்துச்சோ அதுக்கு மேல டாக்ஸ் போகக் கூடாதுங்கறது அது. ஆக டாக்ஸ் 25,000, ஆனா அது மேல செஸ் 1,000 உண்டு, மொத்தம் 26,000. அதாவது 12.75 வாங்கறவர விட 13 வாங்கறவர் கையில 1,000 ரூபா கம்மி. வரி போடுற வருமானம் சுமார் 12.7 லட்சம் வரைக்கும் இந்த நெலமதான், அதத் தாண்டினாதான் சாதாரண கணக்கு. இந்த எடத்துல இருக்கறவங்களுக்கு பழசுக்குப் போறது தீர்வே இல்ல, 13 லட்சத்துக்கு அங்க 6.87 லட்சத்துக்கு மேல கழிவு வேணும், 15 லட்சத்துக்கு வேணுங்கறத விட அதிகம். அவங்களுக்கு வழி வேற எடத்துல இருக்கு, அப்புறம் சொல்றேன்.

சரி, நம்பர் கெடச்சாச்சு. இப்ப உங்க கழிவ கூட்டணும், இங்கதான் முக்காவாசிப் பேர் தப்பா கூட்டுறாங்கன்னு நான் நெனக்கறேன். எப்படியும் உங்க கையவிட்டுப் போற பணத்த மட்டும்தான் முதல் கூட்டல்ல சேக்கணும். வாடகை எப்படியும் குடுக்கறீங்க, பிஎஃப் எப்படியும் புடிக்கறாங்க, புள்ளைங்க ஸ்கூல் ட்யூஷன் ஃபீஸ் எப்படியும் கட்டறீங்க, வீட்டு லோன் வட்டி எப்படியும் போகுது, அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எப்படியும் வேணும். இதுல எவ்ளோ கழிவுக்கு வருதுன்னு பாருங்க. 80சில மொத்தமே 1.5 லட்சம்தான், பிஎஃப், பிபிஎஃப், எல்ஐசி ப்ரீமியம், ஈஎல்எஸ்எஸ் (வரிச் சலுகை மியூச்சுவல் ஃபண்ட்), ட்யூஷன் ஃபீஸ், வீட்டு லோன் அசல் எல்லாம் அந்த ஒரே பைக்குள்ளதான், பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 6 லட்சம் இருக்கறவருக்கு பிஎஃப் மட்டுமே 72,000 போயிடும், பாதிப் பை தானா நெறஞ்சாச்சு. ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு 80டில உங்க குடும்பத்துக்கு 25,000, 60 வயசு தாண்டின பெத்தவங்களுக்கு 50,000. குடியிருக்கற வீட்டு லோன் வட்டி 2 லட்சம் வரைக்கும். என்பிஎஸ்ல (தேசிய பென்ஷன் திட்டம்) நீங்களா போடுற 50,000 தனி. கல்விக் கடன் வட்டிக்கு 80ஈல உச்சவரம்பே கிடையாது, இத நெறைய பேர் மறந்துடுறாங்க.

இதுல எல்லாம் பெருசு எச்ஆர்ஏதான், அதாவது சம்பளத்துல வர்ற வீட்டு வாடகைப் படி. மூணு தொகைல எது கம்மியோ அது கழிவு: கம்பெனி தர்ற எச்ஆர்ஏ, குடுத்த வாடகைலருந்து பேசிக்ல 10% கழிச்சது, பேசிக்ல 50% (சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, மத்த ஊருக்கு 40%). வருஷ வாடகை 1 லட்சம் தாண்டினா வீட்டுக்காரர் பான் நம்பர் வேணும், பான் தர மாட்டேன்னு சொல்ற வீட்டுக்காரர் இருந்தா அந்தக் கழிவ மறந்துட வேண்டியதுதான், போலி ரசீது விஷயமெல்லாம் வேணாம், இப்பல்லாம் கம்ப்யூட்டரே ரெண்டு பக்கத்தையும் ஒட்டிப் பாத்துடுது.

நம்ம 15 லட்சக்காரர் சென்னைல வாடகைக்கு இருக்கார்னு வெச்சுப்போம். பேசிக் 6 லட்சம், எச்ஆர்ஏ 3 லட்சம், வாடகை மாசம் 22,000. வருஷத்துக்கு 2,64,000, அதுல பேசிக்ல 10% 60,000 போனா 2,04,000, மூணுல இதுதான் கம்மி. 80சி முழுசா 1.5 லட்சம், 80டி 75,000. கூட்டினா 4,29,000. பாக்கறதுக்கு பெரிய தொகைதான், ஆனா வேண்டியது 5,43,750. பழசுல டாக்ஸ் 1,23,552, புதுசுல 97,500. 26,000 ரூபா வித்தியாசம்.

இந்த எடத்துலதான் யாராவது வந்து 'சார், என்பிஎஸ்ல 50,000 போடுங்க, 15,600 மிச்சம்'னு சொல்லுவாங்க. போட்டுப் பாருங்க: கழிவு 4,79,000, டாக்ஸ் 1,10,968. 50,000 ரூபாய பல வருஷத்துக்குப் பூட்டி வெச்ச பிறகும் புதுச விட 13,468 அதிகமா கட்டறாரு. 80சி 1.5 லட்சத்துக்கு 46,800 மிச்சம்னு விளம்பரம் பண்றாங்களே, அது பழசுல 30% ஸ்லாப்ல இருந்து, அதோட பழசு ஜெயிக்கவும் செஞ்சாதான். புதுசுல இருக்கறவருக்கு அந்த மிச்சம் சுத்தமா பூஜ்யம். அதனால வரிக்காக பாலிசி எடுக்காதீங்க, பாலிசி வேணும்னா பாலிசிக்காக எடுங்க, டெர்ம் இன்ஷூரன்ஸும் ஹெல்த் இன்ஷூரன்ஸும் எந்த ரெஜிம்ல இருந்தாலும் வேணும்தான், 80டி கெடைக்கலன்னு அத நிறுத்திடாதீங்க.

பழசு ஜெயிக்கவே ஜெயிக்காதான்னா, ஜெயிக்கும், அதுக்குன்னு ஒரு ஜாதகம் வேணும். பெரும்பாலும் வாடகையும் வீட்டு லோனும் ரெண்டும் இருக்கறவங்க. 20 லட்சம் சம்பளம், பேசிக் 8 லட்சம், எச்ஆர்ஏ 4 லட்சம், சென்னைல 35,000 வாடகை, திருச்சில லோன்ல வாங்கின வீட்ல அப்பா அம்மா இருக்காங்க. எச்ஆர்ஏ கழிவு 4,20,000லருந்து 80,000 போக 3,40,000, வட்டி 2 லட்சம், 80சி 1.5 லட்சம், 80டி 75,000, மொத்தம் 7,65,000. நம்பர் 7.08, தாண்டியாச்சு. பழசுல 1,74,720, புதுசுல 1,92,400, மிச்சம் 17,680. இவரு என்பிஎஸ்ல 50,000 போட்டா நெசமாவே இன்னும் 15,600 கெடைக்கும், ஏன்னா இவரு ஏற்கனவே கோட்டத் தாண்டி நிக்கறாரு. அதே 50,000 முன்னாடி பாத்தவருக்கு வேஸ்ட்டு, இவருக்கு லாபம். அதனாலதான் பக்கத்து சீட்காரர் என்ன பண்றார்னு பாத்து பண்ணாதீங்கன்னு சொல்றது.

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல இன்னொரு விஷயம் கவனிக்கணும். ரெண்டு பேரும் ஒரே ரெஜிம்ல இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா நெறைய வீட்ல நியாயமா இருக்கணும்னு வாடகை, லோன் எல்லாத்தையும் பாதிப் பாதியா பிரிச்சுடுறாங்க, அங்கதான் கோட்ட விடுறது. மேல சொன்ன 35,000 வாடகைய, இதே மாதிரி 20 லட்சம் வாங்கற ரெண்டு பேர் 17,500ஆ பிரிச்சா, ஒவ்வொருத்தருக்கும் 2,10,000லருந்து 80,000 போக 1,30,000, ரெண்டும் சேந்து 2,60,000. ஒருத்தரே குடுத்தா 3,40,000. பேசிக்ல 10% கழிக்கறது ரெண்டு தடவ நடக்குது பாருங்க, 80,000 சும்மா காணாமப் போச்சு. அதோட கழிவெல்லாம் பாதியாயிட்டா ரெண்டு பேருமே 7.08ஐ தொட மாட்டாங்க. ஒருத்தர் பேர்ல குவிச்சு அவர பழசுல வெச்சு, இன்னொருத்தர் ஒரு ரசீதும் இல்லாம புதுசுல போறதுதான் இங்க சரி. ஆனா பேருக்கு மாத்தினா ஆகாது, அக்ரிமென்ட்டும் அவர் பேர்ல இருக்கணும், பணமும் அவர் அக்கவுன்ட்லருந்துதான் போகணும். வீட்டு லோன் கூட்டா வாங்கியிருந்தா பங்கு பத்திரத்துல இருக்கறபடிதான், அத இஷ்டத்துக்கு மாத்த முடியாது.

இப்ப 12.75ஐ கொஞ்சம் தாண்டி நிக்கறவங்களுக்கு சொல்றேன்னு சொன்ன வழி. புதுசுல கழிவே கெடையாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அது முழுசா சரியில்ல, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக இன்னொரு பெரிய கழிவு இருக்கு: உங்க பேர்ல கம்பெனி என்பிஎஸ்ல போடுற பணம், 80சிசிடி(2). புதுசுல பேசிக்ல 14% வரைக்கும் கழிக்கலாம், பழசுல தனியார் கம்பெனிக்காரங்களுக்கு 10%தான். நீங்களா போடுற 50,000 வேற, இது வேற, ரெண்டையும் கொழப்பிக்காதீங்க. சிடிசி (கம்பெனி உங்களுக்குன்னு செலவழிக்கற மொத்தத் தொகை) அதிகமாகாது, சம்பளத்துக்குள்ள இருக்கறதையே கம்பெனி பிரிச்சு அங்க போடும், அதனால கையில வர்ற சம்பளம் கொறையும்ங்கறத நெனப்புல வெச்சுக்கணும்.

கணக்கப் பாருங்க, எனக்கு இந்த வருஷம் பாத்ததுலயே ரொம்பப் புடிச்ச கணக்கு இது. சம்பளம் 13.6 லட்சம், பேசிக் 6.8 லட்சம். ஒண்ணும் பண்ணலைன்னா 12.85 லட்சத்துக்கு டாக்ஸ், செஸ்ஸோட 75,660. அந்த 13.6க்குள்ளயே கம்பெனி மூலமா 14%, அதாவது 95,200, என்பிஎஸ்க்குப் போச்சுன்னா வரி போடுற வருமானம் 11,89,800, 12 லட்சத்துக்குள்ள வந்தாச்சு, டாக்ஸ் பூஜ்யம். 95,200 ரூபாய ரிட்டயர்மென்ட்டுக்குப் போட்டு 75,660 மிச்சம். பணம் பூட்டிக் கெடக்கும்தான், இருந்தாலும் இந்த விகிதம் வேற எங்கயும் கெடைக்காது. 15 லட்சக்காரருக்கு இவ்ளோ இல்ல, 84,000 போட்டா 13,104தான் மிச்சம், அவரு யோசிச்சுப் பண்ணட்டும். கம்பெனில இந்த வசதி இருக்கான்னு பேரோல்ல கேளுங்க, நெறைய எடத்துல இருக்கு, யாரும் வாயத் தொறந்து சொல்றதில்ல.

பென்ஷன்ல இருக்கற பெரியவங்களுக்கு பழசுல 60க்கு மேல 3 லட்சம், 80க்கு மேல 5 லட்சம் வரைக்கும் வரி இல்ல, டெபாசிட் வட்டிக்கு 80டிடிபில 50,000 கழிவும் உண்டு, புதுசுல வயசுக்குன்னு சலுகை எதுவும் இல்ல, ஆனாலும் பென்ஷனும் வட்டியும் சேந்து 12 லட்சத்துக்குள்ள இருந்தா புதுசுல கேள்வியே இல்ல. ஒண்ணே ஒண்ணு, ஷேர் வித்த லாபத்துக்கு இந்த ரிபேட் செல்லாது. வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள வித்தா 20%, அதுக்கப்புறம்னா 1.25 லட்சத்துக்கு மேல 12.5%, சம்பளத்துக்கு டாக்ஸ் பூஜ்யமா இருந்தாலும் இது தனியா வரும். 'பூஜ்யம்னு சொன்னாங்களே'ன்னு கடைசில முழிக்கறவங்க பெரும்பாலும் இதுலதான் மாட்டுறாங்க.

ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கெடையாது, ஆனா 44ஏடிஏக்குள்ள (டாக்டர், வக்கீல் மாதிரி குறிப்பிட்ட சில தொழில்களுக்கான பிரிவு) வர்ற தொழில்னா வரவுல பாதிய வருமானமா காட்டலாம், வருஷத்துக்கு 24 லட்சம் வரவு வந்தாலும் வருமானம் 12 லட்சம், புதுசுல டாக்ஸ் பூஜ்யம். பழசுக்குப் போகணும்னா 10-ஐஇஏ ஃபார்ம் போடணும், போயிட்டு ஒரு தடவ புதுசுக்குத் திரும்பி வரலாம், அதுக்கப்புறம் தொழில் வருமானம் இருக்கற வரைக்கும் மறுபடி பழசு கெடையாது. அதனால அவசரப்பட்டு மாறாதீங்க.

சம்பளக்காரங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல, வருஷா வருஷம் மாத்திக்கலாம். 2023-24லருந்து புதுசுதான் டிஃபால்ட், ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லாம விட்டா புதுசு படிதான் டிடிஎஸ் (சம்பளத்துலயே முன்கூட்டி புடிக்கற வரி) புடிப்பாங்க. ஆனா ஆபீஸ்ல சொன்னது டிடிஎஸ்க்கு மட்டும்தான், ரிட்டர்ன் போடும்போது வேறத தேர்ந்தெடுக்கலாம், அதிகமா புடிச்சிருந்தா ரீஃபண்ட் வரும். ஒரே கண்டிஷன், பழசு வேணும்னா கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டாகணும், லேட்டா போட்டா புதுசு மட்டும்தான். மேல பாத்த திருச்சி வீட்டுக்காரர் மாதிரி வருஷம் பூரா ரசீது சேத்து வெச்சிருக்கறவங்க கடைசி நாள் போர்ட்டல் சுத்தும் வரைக்கும் காத்திருக்காம கொஞ்சம் முன்னாடியே போட்டுடுங்க.